டேங்க் வரை போகும் சிலுவைப்பாதை

“…கறி வுட்டேன், மீனு வுட்டேன், பூவு வுட்டேன், சீரியலு வுட்டேன், மெத்தை வுட்டேன், காப்பி வுட்டேன், இந்த வருசம் செருப்பும் வுட்டுட்டேன். இன்னும் வுடறதுக்கு இந்த வூட்ல இன்னா கீது, நீயே சுத்திப் பாத்து சொல்லு,” என்றாள் அக்கா.

சுற்றிப் பார்த்தேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. சொன்னால் அதையும் நிறுத்திவிடுவாள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்பு வரும் குருத்து ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அது. மத்தியானம் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. அன்று சாயங்காலம் எங்கள் தெருவில் சிலுவைப்பாதை. அக்கா வாசலில் மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்துக்கொண்டிருந்தாள். நான் ஆட்டோவின் தலையில் ஸ்பீக்கர் கட்ட வந்தவன், கயிறு கேட்கப் போய் இந்தப் பேச்சில் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் ஊர் செய்யூருக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் சவுக்கு, ஒரு பக்கம் வேர்க்கடலை. எங்கள் தாத்தாமார் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இப்போது தெருவில் பாதிப் பேர் விடிவதற்கு முன்னால் மறைமலைநகருக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். நான் மகாபலிபுரம் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறேன். பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்காரவில்லை. படித்ததெல்லாம் பின்சீட்டில் உட்கார்ந்தவர்கள் பேசினதுதான். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள், ஆளுக்கொன்றை விட்டு விரதம் இருக்கும் தவக்காலம் வந்தால் ஆட்டோவுக்கு இன்னொரு வேலை உண்டு. அதன் தலையில் ஸ்பீக்கர் ஏறும், பின்சீட்டில் பேட்டரியும் ஆம்ப்ளிஃபயரும் ஏறும்.

சிலுவைப்பாதை எங்கள் ஊரில் நடக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். இயேசு சிலுவை சுமந்துபோன வழியில் பதினாலு இடங்களை நினைத்து நின்று ஜெபம் சொல்வது. ஒவ்வொரு இடத்துக்கும் ஸ்தலம் என்று பெயர். பெரிய கோயில்களில் சுவரில் பதினாலு படம் மாட்டியிருப்பார்கள், உள்ளேயே சுற்றி வந்துவிடலாம். எங்களுடையது சின்னக் கோயில், சுவரில் இடமில்லை. அதனால் பதினாலு வீட்டு வாசலில் பதினாலு மேசை. சவுக்குக் கட்டையில் செய்த பெரிய சிலுவை ஒன்று இருக்கிறது. முழங்கால் போட்டு ஜெபம் முடிந்ததும் அந்த வீட்டுக்காரர் சிலுவையைத் தூக்கி, அடுத்த வீடு வரை சுமந்து, அந்த வீட்டுக்காரர் கையில் கொடுக்க வேண்டும். கை மாற்றுவது என்று சொல்வோம். கை மாறும்போது இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் ஆக வேண்டும். கட்டை கனமானது. பார்க்காமல் கொடுத்தால் காலில் விழும்.

அக்கா வீடு ஐந்தாவது ஸ்தலம். பக்கத்து வீடு அவள் ஓரகத்தி வீடு, அதாவது அக்கா புருஷனான என் மாமாவின் தம்பி பெண்டாட்டி. நான் அவளைச் சின்னக்கா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு செங்கல் அகலச் சுவர். கணக்குப்படி ஆறாவது ஸ்தலம் சின்னக்கா வீடாக இருக்க வேண்டும். இல்லை. ஆறாவது ஸ்தலம் ஊருக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர் டேங்க். ஐந்தாவது முடிந்ததும் ஊரே இடது பக்கம் திரும்பி, கருவேலமுள் கிடக்கிற ஒத்தையடிப் பாதையில் டேங்க் வரை நடந்து, அங்கே முழங்கால் போட்டு, திரும்பவும் அதே முள்ளில் நடந்து வந்து, சின்னக்கா வாசலில் ஏழாவது ஸ்தலம் சொல்லும்.

காரணம் எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்வதில்லை. அக்காவும் சின்னக்காவும் பேசிக்கொள்வதில்லை. சிலுவையை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கமாட்டார்கள். ஆகவே நடுவில் ஒரு டேங்கை வைத்துவிட்டார், ஃபாதர் இல்லாத நாளில் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார். டேங்குக்கு வீட்டுக்காரர் கிடையாது, அதனால் அங்கே யாரும் யாரோடும் சண்டையில் இல்லை. அக்கா டேங்க் வரை சுமப்பாள். அங்கிருந்து உபதேசியாரே சுமந்துவந்து சின்னக்காவிடம் கொடுப்பார். இரண்டு பெண்களைச் சேர்த்துவைப்பதைவிட ஊரை முள்ளில் நடக்கவைப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

நாளடைவில் ஜனங்களுக்கு அந்த டேங்க் பாதை பிடித்துப்போய்விட்டது. “அந்த முள்ளு குத்தலன்னா சிலுவப்பாத போன மாதிரியே இல்லப்பா,” என்பான் தெருக்கோடி எலக்ட்ரீஷியன். புதிதாக வந்திருக்கும் இளவயசு ஃபாதர், பல ஊருக்குத் தலைமையான பங்குக் கோயிலிலிருந்து பைக்கில் வருகிறவர், தவக்காலத்தின் முதல் வெள்ளியன்றே உபதேசியாரைக் கேட்டார்: “எதுக்கு இப்படி சுத்திப் போறோம்?”

“அது பழைய வழக்கம் ஃபாதர்,” என்றார் உபதேசியார்.

ஃபாதருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், பக்கத்து ஊர்க்காரர்கள் சுலபமான வழியில் போகிறார்கள், இந்த ஊர் மக்களோ முன்னோர் காட்டிய முள் பாதையை விடாமல் காக்கிறார்கள் என்று சொன்னார். எங்களுக்கே பெருமையாக இருந்தது.

இனி அந்த முன்னோர் கதை. முன்னோர் என்றால் ரொம்பப் பழசில்லை.

கோயிலில் இருக்கும் மாதா சுரூபத்துக்கு நேர்ச்சையாக வந்த ஒரு பட்டுப்புடவை உண்டு. ஆழ்ந்த நீலம், வெள்ளி ஜரிகை. திருவிழாவுக்குத் திருவிழா சாத்துவார்கள். கோயில் பீரோ சாவி அப்போது சின்னக்காவிடம் இருந்தது. மாதாவுக்குப் புடவை கட்டுவதும் அவள்தான், பாட்டு எடுத்துக் கொடுப்பதும் அவள்தான். சின்னக்கா பாடினால் கோயிலுக்கு வெளியே டீக்கடையில் டம்ளர் கழுவுகிறவன் குழாயை மூடிவிட்டுக் கேட்பான். எங்கள் அக்காவும் பாடுவாள். அது வேறு.

ஒரு திருவிழாவுக்கு முன்னால் பீரோவைத் திறந்தால் புடவை இல்லை. கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். எல்லாரும் ஆளாளுக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அக்காதான் வாயைத் திறந்தாள்.

“பொடவைக்கு இன்னா கால் கீதா, நடந்து போறதுக்கு? சாவி கீறவங்கதான் சொல்லணும்.”

அதோடு விட்டிருக்கலாம். சின்னக்கா மகளுக்கு அந்த மாசம்தான் நிச்சயதார்த்தம் நடந்திருந்தது. பெண் நீல ஜாக்கெட் போட்டிருந்தாள்.

“நிச்சயத்துல ஒரு ஜாக்கெட் பாத்தேன். அந்த நீலத்த எங்கியோ பாத்த மாதிரியே இருந்துச்சி,” என்றாள் அக்கா.

 சின்னக்கா தாலிக்கயிற்றோடு பின்னில் கோத்திருந்த பீரோ சாவியைக் கழற்றி உபதேசியார் பக்கத்தில் வைத்தாள். எழுந்து போனாள். பிறகு கோயிலுக்கு வருவாள், கடைசி வரிசையில் உட்காருவாள், பாடமாட்டாள். சாவி யாரிடம் இருப்பது என்ற கேள்வி வந்தது. அக்காவிடம் கொடுத்தார்கள். பாட்டும் அக்காவிடம் வந்தது. டீக்கடைக்காரன் குழாயை மூடுவதை நிறுத்திவிட்டான்.

இரண்டு புருஷன்மாரும் ஒரே கம்பெனி. பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்தில் பட்டாணி தின்றுகொண்டு வருவார்கள். ஊர் நிறுத்தத்தில் இறங்கியதும் ஒருவரை ஒருவர் தெரியாதவர் மாதிரி முன்னும் பின்னுமாக நடந்து வீட்டுக்குப் போவார்கள். “பஸ்ல அவன் என் தம்பி. தெருவுல அவன் உங்க அக்காவுக்கு ஆவாதவன்,” என்றார் மாமா என்னிடம் ஒருதரம்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு புடவை கிடைத்தது. ஒரு நாள் காலையில் கோயில் கதவுக் கொண்டியில் துணிக்கடைப் பையில் தொங்கியது. மடிப்புக் கலையாமல் இருந்தது. கோயில் திறக்கப் போன அக்காதான் பார்த்துச் சத்தம் போட்டாள். யாரோ எடுத்தவர்கள் மனம் மாறிக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று ஊர் முடிவு கட்டியது. யாரோ என்று வாயால் சொன்னது, சின்னக்கா வீட்டைக் கண்ணால் பார்த்தது.

அடுத்து வந்த தவக்காலத்தில், அப்போதிருந்த வயசான ஃபாதர் அதன் முதல் நாளான சாம்பல் புதன் பிரசங்கத்தில் இதையே எடுத்துக்கொண்டார். எடுத்ததைத் திருப்பி வைப்பதல்லவா பாவத்துக்காக வருந்தும் உண்மையான மனஸ்தாபம், பெயர் தெரியாத அந்த ஆத்துமாவைப் பார்த்து நாமெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். பெயர் தெரியாத ஆத்துமா கடைசி வரிசையில் நெற்றியில் சாம்பலோடு உட்கார்ந்திருந்தது. பூசை முடிந்ததும் பெண்கள் ஒவ்வொருவராக அவளிடம் போய்ச் சிரித்தார்கள். ஒருத்தி கையைக்கூடப் பிடித்துக்கொண்டாள். ஊர் சின்னக்காவை மன்னித்துவிட்டது. திட்டியிருந்தால் திரும்பத் திட்டலாம். செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கொடுத்தால் அதை எங்கே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பது?

அன்றைக்குத்தான் அக்கா கறியை விட்டாள்.

தவக்காலத்தில் எல்லாரும் கறி விடுவார்கள், அது பெரிய விஷயமில்லை. அடுத்த வருஷம் மீனையும் விட்டாள். கடல் காற்று அடிக்கிற ஊரில் மீன் விடுவது கொஞ்சம் பெரிய விஷயம். அதற்கடுத்து பூ. பிறகு சீரியல், அதுவும் அந்த மருமகள் செத்தாளா பிழைத்தாளா என்று தெரியவேண்டிய வாரத்தில். பிறகு மெத்தை. பிறகு காப்பி. காப்பியை விட்ட வருஷம் மாமாதான் அதிகத் தவம் செய்தார். காலையில் அவளுக்கு எதிரில் போகாமல் கொல்லைப்புறமாக பஸ்ஸுக்குப் போவார். கறிக்கு மட்டும் அச்சரப்பாக்கத்தில் ஒரு பிரியாணிக்கடையைப் பிடித்து வைத்திருந்தார். “ஒருத்தி வுட்டுட்டா அது ஒரு குடும்பத்துக்கே போதும்டா மச்சான்,” என்பார்.

ஊரில் அக்காவுக்கு நல்ல பெயர். “உங்கக்கா தவக்காலம் இருக்கிற மாதிரி யாரு இருக்கறாங்க?” என்று என் ஆட்டோவில் ஏறுகிறவர்கள் சொல்வார்கள். நானும் நம்பினேன். பக்தி முற்றுகிறது என்று நினைத்தேன்.

சின்னக்கா வீட்டில் ஒன்றும் விடவில்லை. வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், கறி ஆகாது, மீன் ஆகும். அவள் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைப்பாள். மணம் அந்த ஒரு செங்கல் அகலச் சுவரைத் தாண்டி வரும். “அவளுக்கு இன்னா, தவக்காலமா கீது?” என்று அக்கா மூக்கை மூடிக்கொள்வாள்.

இந்த வருஷம் தவக்காலம் நடுவில், செய்த பாவத்தை ஃபாதரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு அக்காவைப் பங்குக் கோயிலுக்கு நான்தான் ஆட்டோவில் கூட்டிப்போனேன். புது ஃபாதருக்குச் சளி பிடித்திருந்தது. வரிசை நகரவே இல்லை. உள்ளே போன அக்கா வெகுநேரம் கழித்து வந்து ஏறி உட்கார்ந்தாள்.

“இன்னாக்கா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?”

“இவரு இன்னா சாமியாரா, போலீஸ்காரரா?”

“இன்னா கேட்டாரு?”

“எப்பவும் சொல்றததான் சொன்னேன். பொய் சொன்னேன், கோவப்பட்டேன், பூசைக்கு லேட்டா வந்தேன். மத்தவங்கன்னா பத்து அருள் நிறைந்த மரியே சொல்லு, போம்மான்னுடுவாங்க. இவரு, இன்னா பொய்யி, யார்கிட்ட சொன்னதுன்றாரு.”

“நீ இன்னா சொன்ன?”

“வாய்ல வந்துடுச்சிடா. ஊர்கிட்டன்னுட்டேன்.”

“அதுக்கு?”

“அப்ப ஊர்கிட்ட போயி மாத்திச் சொல்லுங்கன்றாரு. ரேஷன் கடைக்கு வழி சொல்ற மாதிரி சொல்றாரு, மூக்க உறிஞ்சிக்கினே. பத்து மரியே இல்லியா சாமின்னேன். அது வேணும்னா சொல்லிக்கோங்க, இத மொதல்ல செய்யுங்கன்றாரு.”

உப்பளத்து ஓரமாக வந்துகொண்டிருந்தோம். இன்னா பொய் என்று நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். முன்சீட்டில் இருக்கிற என் முதுகைப் பார்த்துச் சொல்வது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆட்டோவில் நிறையப் பேருக்கு அப்படித்தான்.

புடவையை எடுத்தது அவள்தான். திருடவில்லை. அந்தத் திருவிழாவுக்குச் சில வாரம் முன்னால் ஜரிகையில் மெழுகு சொட்டியிருந்ததைப் பார்த்து, பேப்பர் வைத்து இஸ்திரி போட்டு எடுத்துவிடலாம் என்று, சின்னக்கா பீரோவைத் திறந்துவைத்துவிட்டுப் பூ வாங்க வெளியே போன சமயம் புடவையை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சின்னக்காவிடம் சொல்ல மறந்தாள். மெழுகெடுத்து மடித்து, கசங்காமல் இருக்கட்டும் என்று கட்டிலுக்கடியில் இருக்கும் டிரங்குப் பெட்டியில், கிறிஸ்துமஸ் குடிலுக்குப் போடும் மலைக் காகிதத்துக்கும் பழைய போர்வைகளுக்கும் அடியில் வைத்தாள். அன்று மாமாவுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரி, ஊசி. அதோடு மறந்தேபோனாள். கூட்டத்தில் அப்படிப் பேசினபோதுகூட நிஜமாகவே ஞாபகம் இல்லை என்றாள். மலைக் காகிதத்தைத் திரும்ப உள்ளே வைக்க, கிறிஸ்துமஸ் முடிந்து பெட்டியின் அடிவரை கிளறினபோது நீலம் தெரிந்தது.

“அப்பவே சொல்லிருக்கலாம் இல்ல?” என்றேன்.

“நாளைக்கி நாளைக்கின்னு தள்ளிக்கினே இருந்தேன். அதுக்குள்ள அந்த சாமியாரு பிரசங்கம் வெச்சிட்டாரு. அவள எல்லாரும் நல்லவன்னு வேற சொல்லிட்டாங்க. அதுக்கப்பறம் எப்பிடிடா சொல்றது?”

சொல்லிவிட்டு அழுவாள் என்று நினைத்தேன். “மெதுவா போடா, ஸ்பீடு பிரேக்கரு,” என்றாள்.

அந்த வாரத்தில்தான் செருப்பை விட்டாள். தவக்காலத்தின் நடுவில் புதிதாக ஒன்றை விடுவது அவளுக்கே அதுதான் முதல் தடவை. ஃபாதர் சொன்னதற்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளட்டும் என்று கடவுளோடு பேசிப்பார்த்தாள் போலிருக்கிறது. வெயிலில் வெறுங்காலோடு ரேஷனுக்குப் போனாள். காலில் கொப்புளம் வந்தது. தெருவே அவள் காலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டது. அது அவளுக்கு ரொம்பக் கஷ்டமாகப் போய்விட்டது.

“நீ போயி சொல்லேன்டா. உனக்குத்தான் நல்லா பேச வருமே,” என்று ஒரு நாள் என்னிடம் வந்து நின்றாள்.

“நான் சொன்னா, தம்பி சொல்லிட்டான், நான் சொல்லலன்னு அதுக்கு ஒண்ணு வுடுவ. போக்கா.”

அதற்கடுத்த நாள் சின்னக்கா மகாபலிபுரம் போக என் ஆட்டோவில் ஏறினாள். எனக்குத் தெரிந்துவிட்டதால் அவள் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கவே கூச்சமாக இருந்தது. சும்மா பேச்சுக்கு, “இந்த வருசமாவது ஈஸ்டருக்கு ஒரு பாட்டு பாடு சின்னக்கா. எங்கக்கா பாட்ட கேட்டு ஜனங்க காதே போச்சி,” என்றேன்.

“சாவி கீறவங்க பாடட்டும்,” என்றாள். பிறகு வழியெல்லாம் கருவாட்டு விலையைப் பற்றிப் பேசினாள்.

ஆக, அந்த வெள்ளிக்கிழமை. மேசைத் துணியைச் சரிசெய்துகொண்டே இன்னும் வுட இன்னா கீது என்று அக்கா கேட்டதும் நான் உள்ளே பார்த்தேன் அல்லவா, அவளும் என் கண் போன திசையில் அண்ணாந்து பார்த்தாள்.

“ஃபேனா?”

“வேணாங்க்கா. மாமா வூட்ட வுட்டே ஓடிடுவாரு.”

அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய்க் கயிற்றை எடுத்துவந்து கொடுத்தாள். நான் ஸ்பீக்கரைக் கட்டி, வீடுகளில் காதடைக்காமல் இருக்க வாய்ப் பக்கத்தை டேங்க் இருக்கும் திசைக்குத் திருப்பிவைத்தேன். டேங்க் ஸ்தலத்துக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. கையில் பிடித்துப் போகிற ஒயர் இல்லாத மைக் அவ்வளவு தூரத்துக்கு எட்டாது. ஆட்டோவும் முள் பாதையில் போகாது. அதனால் அந்த ஒரு ஸ்தலத்துக்கு மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டு ஃபாதர் வெறும் தொண்டையில் ஜெபம் சொல்வார். நான் அக்கா வீட்டு வாசலில் ஆட்டோவோடு காத்திருப்பேன்.

வெயில் தணிந்ததும் கோயிலிலிருந்து கிளம்பினார்கள். ஒவ்வொரு வாசலாக வந்தார்கள். நாலாவது ஸ்தலத்தில் இறால் வியாபாரம் செய்யும் தாத்தா சிலுவையை வாங்கும்போது, “மெதுவா குடுப்பா, எனக்கு ஆபரேசன் பண்ண இடுப்பு,” என்று மைக்கில் கேட்டது. அக்கா வாசலில் ஐந்தாவது ஸ்தலம். இயேசுவோடு சிலுவையைச் சுமக்க வழியில் போன ஒரு மனிதரைப் பிடித்துச் சேர்த்துக்கொண்ட இடம் அது. எல்லாரும் முழங்கால் போட்டார்கள். அக்காவும் போட்டாள். சின்னக்கா தன் வீட்டுக் கேட்டுக்குள் நின்றாள். அவளுக்கு இன்னும் நேரம் இருந்தது, மெழுகுவர்த்திகூடக் கொளுத்தவில்லை. கையில் துடைப்பம்.

ஜெபம் முடிந்தது. ஃபாதர் மைக்கை என்னிடம் கொடுத்தார். தாத்தா சிலுவையை அக்கா தோளில் சாய்த்தார். எங்கள் ஊரில் இந்த இடத்தில் மட்டும் சிலுவை கடைசியில் போகும். கம்பு வைத்திருக்கிற ஆம்பிளைகள் முன்னால் போய் முள்ளை ஒதுக்குவார்கள், பிறகு பிள்ளைகள், பிறகு பாட்டுக்காரர்கள், ஃபாதர், ஜனங்கள், கடைசியில் சிலுவை. பழக்கம் அப்படி. யாரும் சொல்லாமலே ஊர் இடது பக்கம் திரும்பி, பாடிக்கொண்டே முள் பாதையில் இறங்கியது. யாரும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை; முள்ளில் போகிறவன் கீழேதான் பார்ப்பான்.

அக்கா திரும்பவில்லை. சிலுவையைச் சுமந்துகொண்டு அங்கேயே நின்றாள். பாட்டுச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. நான் ஏதோ சுளுக்கு என்று நினைத்து ஆட்டோவிலிருந்து இறங்கினேன். அதற்குள் அவள் வலது பக்கம் நடந்து, சின்னக்கா கேட்டுக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள்.

 சின்னக்கா துடைப்பத்தைக் கீழே போடவில்லை.

“அந்தப் பொடவ எங்க பெட்டியிலதான் இருந்துச்சி,” என்றாள் அக்கா. குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. “நான்தான் எடுத்தாந்தேன், மெழுகு எடுக்க. மறந்துட்டேன். கெடச்சப்புறமும் சொல்லல. பையில போட்டு மாட்டினதும் நான்தான். நீ எடுக்கல.”

சின்னக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அவள் திட்டுவாள் என்று நான் எதிர்பார்த்தேன், இல்லாவிட்டால் அழுவாள் என்று. இரண்டும் செய்யவில்லை.

“நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியாதா? எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற?” என்றாள். டேங்க் பக்கம் தாடையைக் காட்டினாள். “அவங்களுக்கு சொல்லு.”

அக்கா டேங்கைப் பார்த்தாள். தூரத்தில் மெழுகுவர்த்திகள் வரிசையாக முழங்கால் போட்டுக்கொண்டிருந்தன. அங்கே இப்போதுதான் தெரிந்திருக்கும் போலிருக்கிறது, சிலுவை வரவில்லை என்று. யாரோ எழுந்து நின்று கண்ணுக்கு மேல் கை வைத்துத் தேடினார்கள்.

அக்கா தோளைத் தாழ்த்தினாள். “இத்தப் புடி,” என்றாள். சின்னக்கா கேட்டைத் திறந்து வந்து, அக்கா முகத்தைப் பார்த்துக்கொண்டே, சிலுவையை இரண்டு கையாலும் வாங்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை வருஷம் முள்ளில் நடந்தோம் என்று எனக்குத் தோன்றியது. என் காலிலேயே இரண்டு தழும்பு இருக்கிறது.

அக்கா வெறுங்காலோடு ஆட்டோவிடம் வந்தாள். மைக்குக்குக் கை நீட்டினாள். கொடுத்தேன். ஸ்பீக்கருக்கு ரொம்பக் கிட்டே நின்றதில் மைக் ஒருதரம் ஊளையிட்டது. டேங்கில் இருந்தவர்கள் எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

“மாதா பொடவய எங்க ஓரகத்தி எடுக்கல,” என்றாள். “எங்க வூட்டு டிரங்குப் பெட்டியிலதான் இருந்துச்சி. நான் வெச்சிட்டு மறந்துட்டேன். தெரிஞ்சப்புறமும் சொல்லல. அவ மேல பழி போட்டவ நான்தான். திருப்பிக் கொண்டாந்து மாட்டினதும் நான்தான், அவ இல்ல. நீங்க அவள மன்னிச்சது தப்பு. அவகிட்ட மன்னிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல.”

ஊர் அசையாமல் நின்றது. சின்னக்கா சிலுவையோடு கேட்டில் நின்றாள், எங்கேயும் பார்க்காமல். டேங்கில் மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அப்போது அங்கிருந்து எலக்ட்ரீஷியன் குரல் காற்றில் வந்தது.

“மோட்டாரு சத்தத்துல ஒண்ணும் கேக்கலக்கா! பொடவன்றது மட்டும்தான் கேட்டுச்சி! இன்னோருவாட்டி சொல்லு!”

அக்கா மைக்கை வாயிலிருந்து எடுத்தாள். கண்ணை ஒருதரம் மூடித் திறந்தாள். அவள் மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள் என்று நினைத்துக் கையை நீட்டினேன்.

“சவுண்டக் கூட்டுடா,” என்றாள்.

கூட்டினேன். அக்கா மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.